களத்தில் போட்ட வெள்ளைக் கோடு

எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குள் குரங்கு விழுந்து செத்துக் கிடந்ததே, அதற்கு அடுத்த தை மாதம் இது நடந்தது. வருஷக் கணக்கு எனக்குத் தெரியாது. கொரோனாவுக்கு மூடின பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். ஆனாலும் அரியலூர் பஸ்ஸில் ஏறினால் முகத்தில் துணி கட்டினவர்கள் இரண்டு பேர் மூன்று பேர் இருந்தார்கள். அந்தச் சமயம்.

குரங்குக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருகிறதைக் கேட்டு என்னைத் தப்பாக நினைப்பீர்கள். தொட்டித் தண்ணீர் ஒரு மாதிரி நாறுகிறது என்று முதலில் சொன்னவன் நான்தான். "ஒங்களுக்கு மூக்குலயும் சந்தேகம் வந்துடுச்சா?" என்றாள் என் வீட்டுக்காரி. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவன், "அது பிளீச்சிங் பவுடர் வாசம் பெரியவரே, போயி காப்பி குடிங்க" என்றான். மூன்று நாள் ஊரே அந்தத் தண்ணீரைக் குடித்தது. நான் மட்டும் பம்புசெட்டில் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தேன். என் நச்சரிப்புத் தாங்காமல் நாலாம் நாள் மேலே ஏறிப் பார்த்தவன், இறங்கி வந்து என் காலடியிலேயே வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகாவது நான் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறதை எழுதுகிறவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. பெரம்பலூரில் காலேஜ் படிக்கிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதாதே, அச்சில் வருகிற மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன். எழுதினதை அடிக்கடி திருப்பி வாசிக்கச் சொல்லியும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் தை மாதத்தில் ஒரு நாள் காலையில் என் களத்துக்குப் போனேன். களம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஊர்க் கடைசியில் எட்டு செண்டு இடம், ஓரத்தில் ஒரு வேப்பமரம். முன்பு சோளம் அடித்தோம், பருத்தி காய வைத்தோம். இப்போது யாராவது மக்காச்சோளம் கொண்டுவந்து கொட்டுவார்கள். என் பெயரில் இருக்கிற மண் அது ஒன்றுதான்.

களத்தில் கோடு போட்டிருந்தது. வெள்ளை வெளேர் என்று சுண்ணாம்புக் கோடு. நீளமாக நடுவில் ஒன்று. அதைக் குறுக்கே வெட்டி வரிசையாகப் பல கோடு. இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாக நின்றது. மூலைக்கு மூலை ஆணி அடித்த துளை. கட்டத்துக்குள் நம்பர். எனக்கு எழுத்துத் தெரியாதே தவிர எண் தெரியும். பஸ் நம்பர் பார்க்கத் தெரியாவிட்டால் திருமானூருக்குப் போகிறவன் வேறெங்கோ போய் இறங்க வேண்டியதுதான். ஏழு என்று ஒரு கட்டம். பக்கத்தில் பதினாலு. அதற்கடுத்து இருபத்தொன்று. நம்பர் வரிசையாக இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. சர்வே நம்பர்தான் இப்படித் தாவித் தாவி வரும்.

அந்தப் பயம் ஏன் என்று சொல்ல வேண்டும்.

என் அப்பா அடுத்தவன் காட்டில் கூலிக்குப் போனவர். அவர் ஆயுசுக்கும் பாடுபட்டு மேற்கே இரண்டு ஏக்கர் மானாவாரிக் காடு வாங்கினார். அவர் போன பிறகு, எங்கள் பக்கத்து மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது என்று ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தது பேப்பர் இல்லை. முதலில் வந்தது டேப்பும் சுண்ணாம்புத் தூளும்தான். கோடு போட்டார்கள், கல் நட்டார்கள், கல்லில் சிவப்பு மையால் நம்பர் எழுதினார்கள். அப்புறம் ஒரு தரகர் வந்தார். பாதிக் காட்டைக் கொடுக்கிறேன், கிணறு இருக்கிற பாதியை விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். "அப்படியே எழுதியாச்சுங்க" என்றார். எதற்கும் வாசித்துக் காட்டச் சொன்னேன். கோயிலில் ஐயர் மந்திரம் சொல்கிற மாதிரி விறுவிறுவென்று வாசித்தார். முடிவில் வந்த வார்த்தை மட்டும் காதில் தங்கியது. 'எனக்கும் என் வாரிசுகளுக்கும் யாதொரு பாத்தியமும் இல்லை.' பாத்தியம் என்றால் உரிமை என்று அப்போது எனக்குத் தெரியாது. கைநாட்டு வைத்தேன். அவர் எழுதியிருந்தது பாதி இல்லை, முழுசு. இன்றைக்கு அந்தக் காடு ஒரு பெரிய பள்ளம். அடியில் பச்சையாகத் தண்ணீர் நிற்கிறது. கிணறு எந்த இடத்தில் இருந்தது என்று எனக்கே கை காட்டத் தெரியவில்லை.

அன்றைக்கே முடிவெடுத்தேன், இனி எந்தப் பேப்பரிலும் என் பெருவிரல் படாது என்று. ரேஷன் கடையில் மிஷினில் விரல் வைக்கச் சொன்னால்கூட என் வீட்டுக்காரியைத்தான் அனுப்புவேன்.

விளக்குமாறு எடுத்துவந்து கோடு முழுவதையும் கூட்டி அழித்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மறுபடியும் கோடு. இந்தத் தடவை ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு கட்டங்கள் ஒற்றை வரிசையாக வேறு. அவற்றில் எண் இல்லை, எழுத்து.

என் மச்சானைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் வயசுக் காலத்தில் சர்வேயருக்குச் சங்கிலி பிடித்தவர். குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டைப் பார்த்தார்.

"மச்சான், இது சும்மா போட்ட கோடு இல்ல. டேப்பு வச்சுப் போட்டது. நூல் புடிச்ச மாதிரி நிக்கிது பாரு."

"யாரு போட்டது?"

"கீழத்தெரு மருமவதான். நேத்து சாயங்காலம் அவ கையில டேப்பு இருந்துச்சு. போனுல போட்டோவும் புடிச்சா. அவ புருசன் எங்க வேல பாக்குறான்? சிமெண்ட்டு ஆலையில மூட்டை ஏத்துறான். இதுக்கு மேல நான் என்னா சொல்ல?"

கீழத்தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அந்த மருமகள் திருமானூர்ப் பக்கத்துப் பெண். பன்னிரண்டாவது வரை படித்தவள். பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுக்கிற வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த காலத்தில் பிள்ளைகள் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள் என்று சர்க்கார் செய்த ஏற்பாடு அது. ஊரில் எல்லோருக்கும் அவள் டீச்சர். என் மகன் வயிற்றுப் பேத்தியும் அங்கே போகிறாள். அந்தச் சின்னவள் மூன்றாவது படித்தாள். ஆனால் பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கிற பேரைக்கூட வாசிக்க மாட்டாள்.

அன்று சாயங்காலம் வேப்பமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். இருபது பிள்ளைகள் இருக்கும். கையில் புத்தகம் இல்லை. டீச்சர் விசில் ஊதினாள். பிள்ளைகள் கோட்டின்மேல் போய் நின்றார்கள். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது, அது கிளித்தட்டு.

கிளித்தட்டு எனக்குத் தெரியாததா? கடலை பிடுங்கி முடித்த சாயங்காலங்களில் நாங்கள் ஆடாத ஆட்டமா? ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒருவன் மறிப்பான். நடுக்கோட்டில் ஓடுகிறவன் கிளி. அடி வாங்காமல் எல்லாக் கோட்டையும் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். நான் கிளியாக நின்றால் ஒருவன் தாண்ட மாட்டான். என் மச்சானை ஒரு தடவை முதுகில் வைத்த வைப்பில் அவர் இரண்டு நாள் குப்புறப் படுத்தார். அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

ஆனால் இவர்கள் ஆடியது வேறு மாதிரி. மறிக்கிற பிள்ளை கையை நீட்டிக்கொண்டு, "நாலேழு?" என்று கேட்கிறது. தாண்ட வருகிற பிள்ளை "இருவத்தெட்டு" என்று கத்திக்கொண்டே இருபத்தெட்டு எழுதின கட்டத்தில் குதிக்கிறது. தப்பாகச் சொன்னால் வெளியே. பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாண்டி. கட்டத்துக்கு ஒரு எழுத்து. சில்லு விழுந்த எழுத்தைச் சொல்லிக்கொண்டே நொண்டி அடிக்க வேண்டும். கல்லா மண்ணா ஆட்டத்தையும் விடவில்லை. டீச்சர் ஒரு எழுத்தைச் சொல்வாள். குறில் என்றால் மண்ணில் நிற்க வேண்டும், நெடில் என்றால் கல்லில் ஏற வேண்டும்.

எனக்கு இதுவும் பிடிக்கவில்லை. ஆட்டம் என்றால் ஆட்டம், பாடம் என்றால் பாடம். இரண்டையும் கலந்து கொடுக்கிறவள் வேறு எதையும் கலந்து கொடுப்பாள். கோடு போட ஒரு சாக்கு வேண்டும், அதற்குப் பிள்ளைகளை நிறுத்தியிருக்கிறாள் என்றே என் மனசு சொன்னது. மரத்துக்குப் பின்னாலிருந்து எழுந்து போனேன்.

"ஏம்மா, கிளித்தட்டுக்கு எதுக்கு டேப்பு?"

டீச்சர் சிரித்தாள். "நேத்து நீங்கதான் அழிச்சீங்களா மாமா? கட்டம் சின்னதும் பெருசுமா இருந்தா இதுங்க சண்ட போடுதுங்க மாமா. என்னோடது மட்டும் சின்னக் கட்டம்னு ஒரே அழுவாச்சி. அதான் எங்க வூட்டுக்காரரோட டேப்ப எடுத்தாந்தேன்."

"போட்டோ எதுக்கு?"

"கிளாஸ் நடந்துச்சுன்னு அனுப்பணும் மாமா."

"யாருக்கு?"

"ஆபீசுக்கு."

ஆபீஸ் என்றதும் எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

நான் நினைத்தது சரிதான் என்கிற மாதிரி, வெள்ளிக்கிழமை பேப்பர் வந்தது. டீச்சர் வீட்டுக்கே கொண்டுவந்தாள். என் வீட்டுக்காரி காப்பி கொடுத்தாள்.

"மாமா, திங்கக்கிழம ஆபீசர் வர்றாங்க. எடத்துக்குச் சொந்தக்காரங்க சம்மதிச்சு ஒரு கடுதாசி வேணுமாம். அது இல்லைன்னா நம்ம பிள்ளைங்கள அந்தாண்ட ஊர்க் கிளாசோட சேத்துடுவாங்களாம். ஒரு கைநாட்டு மட்டும் வச்சுக் குடுங்க."

அந்தாண்ட ஊருக்குப் போவதென்றால் ரோட்டைத் தாண்ட வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்றன் பின்னால் ஒன்றாகப் போகிற ரோடு. சாயங்காலத்தில் பெரிய ஆட்களே நின்று நின்றுதான் தாண்டுவோம். எந்தத் தாயும் பிள்ளையை அனுப்ப மாட்டாள். கையெழுத்து இல்லையென்றால் எங்கள் ஊரில் வகுப்பு முடிந்தது என்று அர்த்தம். எனக்கு அது தெரியாமல் இல்லை.

"கைநாட்டு வைக்கிறதில்லம்மா" என்றேன்.

"இருவது பிள்ளைங்க மாமா."

"பேப்பர வச்சுட்டுப் போ. யோசிச்சு சொல்றேன்."

வைத்துவிட்டு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று போனாள். அவள் தலை மறைந்ததும் என் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பிள்ள வந்து நிக்கிது, இவரு மகாராசா யோசிக்கிறாராம். சின்னது இப்பதான் நாலு எழுத்து சொல்லுது. படிக்கத் தெரியாத ஆளு ஒண்ணு போதாதா இந்த வூட்டுக்கு?"

"அந்தக் காடு போனப்ப நீயும்தான காப்பி போட்டுக் குடுத்த, அந்தத் தரகருக்கு?"

அவள் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன்.

பேப்பரை வைத்துக்கொண்டு யாரிடம் போவது? என் மகன் வெளியூர் வேலைக்குப் போயிருந்தான். மச்சானும் என்னை மாதிரிதான், எண் தெரியும், எழுத்துத் தெரியாது. படித்தவன் எவனிடம் கொடுத்தாலும் தரகர் வாசித்த மாதிரி வாசித்துவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? பேப்பரைக் கொண்டுவந்த ஆளே வாசிக்கக் கூடாது, அவருக்கு வேண்டியவரும் வாசிக்கக் கூடாது. ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் வேண்டியவர்கள்.

சனிக்கிழமை காலையில் சின்னவளைக் கூப்பிட்டுப் பேப்பரைக் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எழுத்து பொடிசா இருக்கு தாத்தா. எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு. எனக்கு வராது."

"களத்துல மட்டும் படிக்கிற?"

"அது கட்டத்துல எழுதியிருக்கும்ல? காலு வச்சா வரும்."

காலால் படிக்கிற பிள்ளையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சரி, வா என்று களத்துக்குக் கூட்டிப் போனேன். இன்னொரு தெருவிலிருந்து அவள் வயசுப் பெண் ஒருத்தியையும் வரச் சொன்னேன். அந்தப் பெண்ணைக் களத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிற்க வைத்தேன். ஒருத்தி சொல்வது மற்றவள் காதில் விழக் கூடாது. டீச்சர் இவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தால்? இரண்டு பேரையும் தனித்தனியாக வாசிக்க வைத்தால் எங்காவது உதைக்கும் இல்லையா?

சின்னவள் பேப்பரைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகச் சுண்ணாம்புத் தூளால் கட்டத்தில் வரைந்தாள். வரைவதற்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, அந்தப் படத்தை இங்கே போடுகிற வேலைதான். பன்னிரண்டு கட்டம் நிரம்பினதும் நொண்டி அடித்தாள். அப்புறம் தொட்டிக்குப் பின்னால் இருப்பவளைக் கூப்பிட்டு அவளையும் நொண்டி அடிக்க வைப்பேன். அப்போது இவள் தொட்டிக்குப் பின்னால் போய்விட வேண்டும். இரண்டு பேரும் படித்த பிறகுதான் அழித்துவிட்டு அடுத்தது. ஆறு வரிக்கு வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வேப்பமரத்தடியில் மச்சான் வந்து உட்கார்ந்துகொண்டு, "இந்தக் கிறுக்குத்தனத்த நான் சங்கிலி புடிச்ச காலத்துலகூட பாத்ததில்ல" என்றார். ஆனால் எழுந்து போகவில்லை.

முதல் வரிகள் சரியாகத்தான் வந்தன. என் ஊர், என் களம், சாயங்கால வகுப்பு. இரண்டு பிள்ளைகளும் ஒன்றுபோலச் சொன்னார்கள். டீச்சரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அப்புறம் கடைசி வரி வந்தது. சின்னவள் ஒற்றைக் காலில் குதித்துக் குதித்துச் சொன்னாள்.

"யா... தொ... ரு. யாதொரு. பா... த்... தி... தாத்தா, யாதொருன்னா என்னா?"

மற்றவளைக் கூப்பிட்டேன். அவளும் குதித்தாள். அவள் காலிலும் அதே வார்த்தைதான் வந்தது. எனக்கும் என் வாரிசுகளுக்கும் யாதொரு பாத்தியமும் இல்லை.

மச்சான் மரத்தடியிலிருந்து எழுந்துவிட்டார். "மச்சான், இது அந்தத் தரகர் பேப்பர்ல இருந்ததுல்ல?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கின டீச்சரை, பையை வைக்கக்கூட விடாமல் களத்துக்குக் கூட்டிவரச் செய்தேன். தெருவே கூடிவிட்டது. கடைசிப் பன்னிரண்டு எழுத்தைக் கட்டத்தில் அழிக்காமல் வைத்திருந்தேன்.

"குதிச்சுப் படிம்மா" என்றேன்.

அவள் குதிக்கவில்லை. நின்ற இடத்திலேயே படித்தாள். பேப்பரை வாங்கிப் பார்த்தாள். மறுபடி தரையைப் பார்த்தாள்.

"அரியலூர்ல கம்ப்யூட்டர் கடையில அடிச்சேன் மாமா. எடத்துக்குச் சம்மதக் கடுதாசின்னுதான் சொன்னேன். அவங்க எப்பவும் நெலத்துக்கு அடிக்கிற மாதிரியே அடிச்சுட்டாங்க. ஊரு பேரும் ஒங்க பேரும் சரியா இருக்கான்னு மட்டுந்தான் பாத்தேன்."

"கடைசி வரைக்கும் படிக்கலையா?"

"படிக்கல மாமா."

பின்னாலிருந்து ஒருத்தி, "ஊருப் பிள்ளைக்கெல்லாம் படிக்கச் சொல்லிக் குடுக்குற டீச்சரு!" என்றாள். டீச்சர் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் வேஷம் போடுகிறாளா என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தரகர் முகம் எனக்கு மறக்கவில்லை. அவருக்கு வேர்க்கவே இல்லை. இவளுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. அப்படியும் எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. முக்கால்வாசி வந்தது.

அப்போது என் வீட்டுக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு நாளாக என்னோடு பேசாதவள். சின்னவளின் நோட்டும் பேனாவும் கையில் இருந்தன. டீச்சர் மடியில் போட்டாள்.

"எழுது. அவரு சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன். களம் எங்களுது. சாயங்காலம் மட்டும் பிள்ளைங்க வெளையாடிப் படிச்சுக்கலாம். சோளம் காயப்போடுற நாள்ல கெடையாது. எப்ப வேணாம்னாலும் எடத்த வுட்டுடணும். எழுதுனியா?"

"எழுதிட்டேன் அத்த."

"இப்ப அதுங்கள குதிக்கச் சொல்லு."

குதித்தார்கள். இந்தத் தடவை இரண்டு பேர் இல்லை, ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும். தொட்டிக்குப் பின்னால் யாரையும் நிறுத்தவில்லை. 'யாதொரு' என்ற வார்த்தை வரவில்லை. மை இல்லை என்றார்கள். சின்னவள் ஸ்கெட்ச் பேனாவால் என் பெருவிரலில் ஊதா நிறத்தைத் தடவினாள். வைத்தேன். கை கொஞ்சம் கூசியது.

திங்கட்கிழமை வந்த ஆபீசர் அம்மா அந்த நோட்டுத் தாளைப் பார்த்துவிட்டு, "இதென்ன கைநாட்டு ஊதாவா இருக்கு?" என்று கேட்டார். ஆனால் ஏற்றுக்கொண்டார். பிள்ளைகளோடு ஒரு ஆட்டம் கிளித்தட்டும் ஆடினார். எட்டேழில் வெளியே போய்விட்டார்.

வகுப்பு இன்னும் நடக்கிறது. நான் தினமும் காலையில் போய்க் கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு வருகிறேன். ஒரு கோடு கூடினால் கேட்பேன். டீச்சர் கோபித்துக்கொள்வதில்லை. புதிதாக எந்தக் கோடு போட்டாலும், "மாமா, இது எட்டாம் வாய்ப்பாட்டுக்கு" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறாள்.

கண்ணு, இவ்வளவு நேரம் எழுதினாயே, உனக்கு ஒரு வேலை. பெரம்பலூர் பஸ்ஸில் உன்னோடு வருகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லு. அவர்கள் வீட்டிலும் என்னை மாதிரிக் கைநாட்டு ஆள் ஒன்று இருக்கும். பேப்பர் வந்தால், கொண்டுவந்த ஆளை வாசிக்கச் சொல்லக் கூடாது. வீட்டுச் சின்னப் பிள்ளையையும் பக்கத்துத் தெருப் பிள்ளையையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லணும். வராவிட்டால் தரையில் கட்டம் போட்டுக் கொடுக்கணும். கடைசி வரி வரைக்கும் குதிக்கணும், அதை மறக்காமல் சொல்லு. நீ எழுதின இந்தத் தாளையும் இங்கேயே வைத்துவிட்டுப் போ. சின்னவள் வந்ததும் ஒரு தடவை குதிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அப்புறம் தருகிறேன்.